கரையில் இறங்குமுன் கவனிக்க வேண்டியவை

கப்பலில் போகிறவர்கள் காந்தக் கொக்கி வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கப்பல் அறையின் சுவரெல்லாம் இரும்புத் தகடு. ஆணி அடிக்க முடியாது, அலமாரி கைக்குட்டை அகலம், ஈரத்துண்டை எங்கே போடுவது என்று முதல் நாளே திண்டாட்டம் ஆரம்பித்துவிடும். எர்ணாகுளம் பிராட்வேயில் சின்னக் காந்தக் கொக்கிகள் கிடைக்கும். நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்காரரோடு கப்பலில் போவதாக இருக்கிறோம் என்று நேற்று நீங்களே சொன்னீர்கள், ஸுப்ரியா. அதனால்தான் முதலில் இதைச் சொன்னேன். எஸ்.ஐ. நாற்காலியில் இருந்தாலும் உங்களுக்கு என் மகள் வயதுதான். பெயர் சொல்லி அழைப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நடந்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் வக்கீல். நீங்கள் பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். அது எனக்குச் சௌகரியம். மலையாளத்தில் சொன்னால் நான் கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கும்.

என் பெயர் கமலாக்ஷி. மட்டாஞ்சேரியில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது பார்த்தால் காயலுக்கு அந்தப் பக்கம் வெல்லிங்டன் தீவு. பெரிய கப்பல்கள் அங்கேதான் வந்து நிற்கும். ஒரு தெருவையே எடுத்து நிமிர்த்தி வைத்தாற்போல அத்தனை ஜன்னல்கள். என் கணவர் வெங்கிடராமன் அதே தீவில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு தடவை நாமும் ஏறிப் பார்க்கலாமே என்பேன். “தெனம் பாக்கறதுல என்னத்துக்குடி ஏறணும்?” என்பார். நல்ல மனுஷர். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு கனடாவில் இருக்கும் எங்கள் மகள் மாளவிகா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அதுதான் முதல் பயணம். அதன் பிறகு எனக்குக் கப்பல் பித்து பிடித்துவிட்டது. அடுத்த தடவை தெருப் பெண்களோடு போனேன். அப்புறம் எங்கள் பக்கத்தில் யார் கப்பலில் போவதானாலும் எனக்குத்தான் போன் வரும். கப்பல் மாமி என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேலியாகத்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியை ஏறும்போதே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். நம்மவர்கள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்துவிட்டு, பிரஷர் மாத்திரைக்காகக் கப்பல் முழுக்க அலைவார்கள். ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போது ஊர் பார்க்க வரிசையில் நின்று வாங்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். ஜெயின் கவுண்டர் என்று ஒன்று இருக்கும், வெங்காயம் பூண்டு சேர்க்காத பருப்பும் சாதமும் அங்கே கிடைக்கும். தயிர் கேட்டால் தருவார்கள். ஊறுகாய் மட்டும் கொண்டுபோங்கள்.

லிப்டில் முண்டியடிக்காதீர்கள். நீச்சல் குளத்துப் பக்கம் நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மணிக்கணக்காகக் காணாமல் போகாதீர்கள். அறைப் பையனைக் கை தட்டிக் கூப்பிடாதீர்கள், அவனுக்குப் பெயர் உண்டு, சட்டையிலேயே எழுதியிருக்கும். மொத்தத்தில் ஒன்றுதான். நம்மால் இன்னொருவருக்குத் தொந்தரவு வரக் கூடாது. அத்தனை பேர் பணம் கட்டி, ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள்.

அவருக்கு மறதி முதலில் பெயர்களில் வந்தது. பிறகு வழி மறந்தது. பிறகு மாளவிகாவை மறந்தார். வீடியோவில் அவள் அப்பா அப்பா என்று கூப்பிடுவாள், இவர் என்னிடம் திரும்பி, “இந்தப் பொண்ணுக்கு என்ன வேணுமாம்?” என்பார். கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் ஆசாரம். சோறானாலும் தண்ணீரானாலும் என் கையால் கொடுத்தால்தான் வாய் திறப்பார். சின்ன வயதில் அவருடைய அம்மா மடி, விழுப்பு என்று தீட்டுப் பார்த்துப் பழக்கிய பழக்கம். நடுவில் எர்ணாகுளத்து ஹோட்டல் ஒன்று விடாமல் மசால் தோசை தின்றவர்தான். மற்றதெல்லாம் வடிந்த பிறகு அது மட்டும் அடியிலிருந்து மேலே வந்துவிட்டது. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த இடத்தில் நான்.

போன வருஷம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆயிற்று. ஷபானா என்று ஒரு ஹோம் நர்ஸை வைத்துவிட்டுப் போனேன். பொறுமையான பெண். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். “சேச்சீ, ஸார் ஒரு துள்ளி வெள்ளம் குடிக்குன்னில்லா. ஞான் என்து செய்யும்?” என்று அழுதாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கவில்லையாம். அவள் வேறு மதம், அதனால்தான் என்று பக்கத்து வீட்டு மாமி வந்து கொடுத்துப் பார்த்தார். ஆபரேஷனுக்காகப் பறந்து வந்திருந்த மாளவிகாவும் கொடுத்தாள். வாயை இறுக்கிக்கொண்டு, “கமலம் வரட்டும்” என்றாராம். டிரிப்ஸ் ஏற்றி அவரைப் பிழைக்க வைத்தார்கள். “வெயில் காலம், வயசும் ஆச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்று டாக்டர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். தையல் பிரிக்காத வயிற்றோடு போய் நான் டம்ளரை நீட்டினேன். மடமடவென்று குடித்தார். சுற்றி நின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட அன்பு என்றார்கள். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. பாலக்காட்டில் என் அக்கா போனபோது முகம் பார்க்கப் போகவில்லை. போகிற வருகிற நேரத்தில் இவருக்கு நா வறண்டுவிடும். அழுகை வந்ததா என்று கேட்டால், இல்லை. அவருக்கு ஊட்டி முடித்து, அவர் தூங்கிய பிறகு என் தட்டில் இருப்பதைச் சாப்பிடுவேன். சோறு சில்லிட்டுப் போயிருக்கும். சூடாக ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று தோன்றும். வேறு பெரிய ஆசை ஒன்றும் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

இந்தப் பயணத்தையும் மாளவிகாதான் ஏற்பாடு செய்தாள். “அப்பாவையும் கூட்டிண்டு கப்பல்ல போயிட்டு வா அம்மா. ஒனக்கும் ஒரு மாற்றமா இருக்கும்” என்றாள். கொச்சியில் ஏறி, கோவா, மும்பை பார்த்து, லட்சத்தீவு வழியாகத் திரும்புகிற பயணம். மே மாதம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குக் கப்பல் தெரியாது.

ஏறியதும் அவசரப் பயிற்சி என்று ஒன்று வைப்பார்கள். சங்கு ஊதினால் எங்கே போய் நிற்க வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். நம்மவர்கள் சிரித்துக்கொண்டு செல்பி எடுப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நின்றார். சரி, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று. நாகரிகமானவர்கள். பரிமாறுகிற பையன் இவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். இவர், “தொடாதே” என்று கத்தி டம்ளரைத் தட்டிவிட்டார். அந்த அம்மாளின் புடவையெல்லாம் தண்ணீர். பரவாயில்லை என்றார்கள். அடுத்த வேளை அதே பையன் தட்டை வைத்தான், இவர் தட்டிலேயே துப்பினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கத்தில் காது அடைத்துவிட்டது. மறுநாள் அந்தத் தம்பதி வேறு மேசைக்கு மாற்றிக் கேட்டிருந்தார்கள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பயணிகள் உதவி மேசையில் ஸ்ரீநாத் என்று ஒரு பையன் இருந்தான். எர்ணாகுளம் தேவராக்காரன். நம்மூர் என்பதால் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான். “மேடம், தப்பா நினைக்கருத். மத்த கெஸ்ட் எல்லாம் கம்ப்ளெயின்ட் பரயறா. ஸாருக்கு ஃபுட் ரூமில் வச்சுத் தராம். ஸாரை ஒத்தைக்கு வெளியே விடண்டா.” அவன் மேல் தப்பே இல்லை. அதன் பிறகு நானும் அவரும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜெயின் சாப்பாடு மூடிபோட்டு வரும். ஊட்டுவேன். அவர் தூங்குவார். மூடியைத் திறப்பேன். மட்டாஞ்சேரி மாதிரியேதான். மேல்தளத்தில் பாட்டுக் கேட்கும். கப்பலுக்குள் இருந்தும் நான் கப்பலைப் பார்க்கவில்லை.

கோவாவில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாங்கள் இறங்கவில்லை. விருந்து நடக்கிற ராத்திரிக்கென்று ஒரு பட்டுப்புடவை கொண்டுபோயிருந்தேன், அரக்குச் சிவப்பு. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். முடிவு என்று அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. மும்பையில் இறங்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன், செருப்பு, குடை, அவருடைய தொப்பி. அந்த வரிசையில் இதுவும் வந்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம்மோடு வந்தவர் யாராவது நடுவில் பயணத்தை முடித்துக்கொள்வதானால் முன்கூட்டியே மேசையில் சொல்லிவிட வேண்டும். சிலர் சொல்லாமல் கரையிலேயே தங்கிவிடுவார்கள். கப்பலில் அவர்களுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே இருப்பார்கள், மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். நம் பெயர் அப்படி அடிபடக் கூடாது. ஸ்ரீநாத்திடம் போய், மும்பையில் எங்கள் மருமான் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போகிறான், கொஞ்ச நாள் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வான் என்றேன். அவன் முகத்தில் எத்தனை நிம்மதி. மருமான் பெயர் கேட்டான். கிருஷ்ணபிரசாத் என்றேன். அப்படி ஒரு மருமான் எங்களுக்கு உண்டு, என் நாத்தனார் பிள்ளை. இங்கே காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மும்பைக்கு அவன் போனதே கிடையாது.

மும்பையில் இறங்குகிற நாள் காலையில் வயிறு நிறையத் தயிர்சாதம் ஊட்டினேன். பட்டினியாக விடவில்லை. புதுச் சட்டை போட்டுவிட்டேன். மாளவிகா அவருக்குப் பெயரும் போன் நம்பரும் பொறித்த எஃகு வளையம் ஒன்று வாங்கி மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி என் கைப்பையில் போட்டேன். அதை எதற்குக் கழற்றினீர்கள் என்று நீங்கள் நேற்று ஐந்தாறு தடவை கேட்டீர்கள். மணிக்கட்டில் உறுத்துகிறது என்று அவர் சொன்னதாக நான் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

டாக்சிக்காரன் எங்கே என்றான். மாட்டுங்காவுக்குப் போகவில்லை. அங்கே தமிழ்க்காரர்கள் ஜாஸ்தி, பூணூலைப் பார்த்து யாராவது எந்த ஊர் மாமா என்று கேட்டுவிடுவார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆபீஸ்களாக இருக்கிற ஒரு தெருவில் சின்னப் பூங்கா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஈ காக்கை இல்லை. பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். தொப்பியைச் சரி செய்தேன். காலையில் அங்கே நிழல் இருந்தது. மத்தியானம் இருக்காது என்று மரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “இங்கேயே இருங்கோ. நான் வந்துடறேன்” என்றேன். “சரி கமலம்” என்றார். வியாதி அவரை அவ்வளவு அடக்கமானவராக ஆக்கியிருந்தது. இரு என்றால் இருப்பார். அவருடைய துணிப்பையைத் தெருமுனையில் ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், யாருக்காவது உதவட்டும் என்று.

திரும்புகிற நேரத்தைக் கடைசிவரை இழுக்கக் கூடாது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களை மேலே இருந்து கை தட்டிச் சிரிப்பார்கள். நான் நிதானமாக, முன்னாலேயே வந்துவிட்டேன். குளித்தேன். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். அந்தக் கோயம்புத்தூர் அம்மாள் தானாகவே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். “சார் எங்கீங்க?” என்றார். மருமான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்றேன். “இனியாச்சும் நிம்மதியா சாப்பிடுங்கம்மா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். பருப்பில் ஆவி பறந்தது. நெய் விட்டார்கள். சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மனசில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

லட்சத்தீவில் கப்பல் கரைக்குப் போகாது, சின்னப் படகில் இறக்கிக் கூட்டிப் போவார்கள். படகு ஆடும்போது எழுந்து நிற்காதீர்கள். தண்ணீர் அத்தனை தெளிவு, அடியில் மணல் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்.

மாளவிகாவுக்கு அதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் செய்தி அனுப்பினேன். ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன், மும்பைக் கூட்டத்தில் அப்பா என் கையை உதறிவிட்டுப் போய்விட்டார், எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று. அவள் அடுத்த விமானத்தில் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, “நீ ஒருத்தியா எப்படி அம்மா சமாளிச்சே?” என்று அழுதாள். அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்தாள். நீங்கள் கப்பலில் விசாரித்தீர்கள். ஸ்ரீநாத் உண்மையைச் சொன்னான். காக்கநாட்டில் கிருஷ்ணபிரசாத்திடம் கேட்டீர்கள். அவன் திருதிருவென்று விழித்திருப்பான், பாவம்.

நான் எல்லாம் யோசித்தேன், சட்டையை யோசிக்கவில்லை. அவர் கல்யாணமான நாளிலிருந்து ரெடிமேட் போட்டதில்லை. எங்கள் தெருமுனை யூசுப்தான் தைப்பான். காலருக்கு உள்ளே கடைப் பெயரும் மட்டாஞ்சேரி என்றும் பட்டி வைத்துத் தைப்பான். கண்ணில் பட்டுப் பட்டு அது என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மும்பை ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து வந்த படத்தை நீங்கள் யூசுப்பிடம் காட்டினீர்கள். அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “மாமி, சட்டை நான் தெச்சதுதான். மாமா முகத்தைத்தான் எனக்குப் பார்க்க முடியல” என்றான். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

அந்தப் பூங்கா வாசலில் சாயா விற்கிற பெண் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். மத்தியானம் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். அவள் தண்ணீர் கொண்டுபோய் வாயருகே வைத்தாளாம், வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாராம். நிழலுக்கு இழுத்தால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் அவள் வந்தபோதும் அதே பெஞ்சில் இருந்தாராம். சாய்ந்த பிறகுதான் தூக்க முடிந்ததாம். அவர் சொல்லிக்கொண்டே இருந்த கமலம் என்ற வார்த்தையை அவள் சரியாகச் சொல்லியிருந்தாள்.

யாராவது நல்லவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். நல்லவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் தெரியும். டாக்டர் என் முன்னால் வைத்துத்தான் சொன்னார். ஆனாலும் பாருங்கள், அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி வேளை வரைக்கும் என் கையால்தான் சாப்பிட்டார்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லியிருக்க மாட்டாள், அவள் கடை போடுவதற்கு முன்னால் நடந்தது. நான் எழுந்தபோது தண்ணீர் பாட்டில் அவர் மடியில் இருந்தது. அறையில் நானே நிரப்பி, நானே அவர் கையில் கொடுத்தது. அதிலிருந்தானால் குடித்திருப்பார். பாட்டிலின் மேல் கப்பலின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. அதைக் குடுங்கோ என்று கையை நீட்டினேன். “தாகமா கமலம்?” என்றார். ஆமாம் என்றேன். மூடியைத் திருகித் திறந்து, தானே என் கையில் கொடுத்தார். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் அதை முழுக்கக் குடித்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, எனக்கு உண்மையிலேயே தாகமாகத்தான் இருந்தது.